ரோக்ஃபோர் சீஸ்: வாங்குவது முதல் பரிமாறுவது வரை

ரோக்ஃபோரை முதன்முதலாகச் சுவைப்பவர்களில் பலர் இரண்டாவது துண்டை எடுப்பதில்லை. உப்பு தூக்கலாக இருக்கிறது, நெடி மூக்கில் ஏறுகிறது, நாக்கு சுருக்கென்கிறது என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். விசாரித்துப் பார்த்தால், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, ஓரத்தில் கிள்ளிய ஒரு துண்டை, துணைக்கு எதுவும் இல்லாமல் வாயில் போட்டிருப்பார்கள். செம்மறியாட்டுப் பாலின் கொழுப்பும் கடல் உப்பும் நீலப் பூஞ்சணமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சீஸ் இது. குளிரில் கொழுப்பு இறுகிவிட்டால் உப்பும் பூஞ்சணமும் மட்டுமே நாக்கில் தெரியும். ஆகவே இதை வாங்குவதற்கும், வைத்திருப்பதற்கும், வெட்டுவதற்கும், தட்டில் வைப்பதற்கும் பிரான்சில் கடைப்பிடிக்கப்படும் வழக்கங்களைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. அவை ஒவ்வொன்றும் இந்தச் சீஸ் உருவாகும் விதத்திலிருந்தே பிறந்தவை என்பதால் அங்கிருந்து தொடங்குவதே முறை.

எப்படி உருவாகிறது

தெற்குப் பிரான்சின் அவெய்ரோன் மாவட்டத்தில், மியோ நகரத்துக்குத் தென்மேற்கே, கொம்பலூ என்னும் சுண்ணாம்புப் பாறை மேட்டின் சரிவில் ரோக்ஃபோர்-சூர்-சூல்சோன் என்ற சிற்றூர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழங்காலத்தில் அந்த மேட்டின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தபோது பாறைக் குவியலுக்குள் குகைகளும், அவற்றை வெளிக்காற்றோடு இணைக்கும் நீண்ட பிளவுகளும் உண்டாயின. ஃப்ளெரீன் என்று அவ்வூரார் அழைக்கும் அந்தப் பிளவுகள் வழியாகக் குளிர்ந்த ஈரக் காற்று ஆண்டு முழுவதும் குகைக்குள் வந்துபோய்க்கொண்டே இருக்கிறது. வெளியே கோடை வெயில் காய்ந்தாலும் குளிர்காலப் பனி உறைந்தாலும் குகைக்குள் வெப்பநிலை சுமார் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரையிலும், காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டை ஒட்டியும் நிற்கிறது. பூஞ்சணம் அவசரப்படாமல் சீராக வளர்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைக் கட்டி எழுப்புவது கடினம்.

1411இல் பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸ் இந்தக் குகைகளில் சீஸைப் பதப்படுத்தும் தனியுரிமையை அவ்வூர் மக்களுக்கு வழங்கினார். 1666இல் துலூஸ் நீதிமன்றம், வேறிடத்தில் செய்த சீஸை இந்தப் பெயரில் விற்பவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1925இல் பிரான்ஸ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. பிறப்பிடப் பெயருக்கான பாதுகாப்பை அந்நாட்டில் முதலில் பெற்ற சீஸ் இதுதான். 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் சேர்ந்தது. இந்த வரலாறு வாங்குபவருக்கு நேரடியாகப் பயன்படுகிறது. பொட்டலத்தின் மேல் ரோக்ஃபோர் என்ற பெயர் இருந்தால், பால் எந்த ஆட்டினுடையது, எங்கே முதிர்ந்தது, எத்தனை நாள் காத்திருந்தது என்பவை சட்டப்படி முன்பே உறுதியாகிவிட்டன என்று பொருள்.

பால் லகோன் இனச் செம்மறிகளுடையதாக மட்டுமே இருக்க வேண்டும். புல் கிடைக்கும் பருவத்தில், வானிலை இடங்கொடுக்கும் நாட்களில் அவை மேய்ச்சலுக்குச் செல்ல வேண்டும். பாலைக் காய்ச்சக் கூடாது. கொழுப்பை எடுக்கவும் கூடாது. பசும்பாலில் ஏறத்தாழ 4 விழுக்காடு கொழுப்பு இருக்கிறதென்றால் செம்மறிப் பாலில் 7 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், புரதமும் அதிகம். அதனால்தான் சுமார் 4.5 லிட்டர் பாலிலேயே ஒரு கிலோ சீஸ் கிடைத்துவிடுகிறது. வாயில் வைத்தவுடன் வெண்ணெயாகக் கரையும் தன்மையும் இந்தக் கொழுப்பினாலேயே வருகிறது. பசும்பாலுக்கு மஞ்சள் சாயலைத் தரும் கரோட்டின் செம்மறிப் பாலில் இல்லாததால், நீலக் கோடுகளுக்கு இடையில் தெரியும் பகுதி தந்தம்போல் வெளுத்திருக்கும்.

பாலை 28 முதல் 34 டிகிரி வரை இளஞ்சூடாக்கி, பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்னும் பூஞ்சண வித்துக்களைச் சேர்த்து, பாலை உறையச் செய்யும் ரென்னெட் என்னும் நொதிப்பொருளை ஊற்றி உறைய வைக்கிறார்கள். சில நிறுவனங்கள் இந்த வித்துக்களை இன்றும் பழைய முறைப்படி கோதுமைக்கு நெருங்கிய இனமான ரை தானிய ரொட்டியின் மீதே வளர்த்தெடுக்கின்றன. பாப்பியோன் நிறுவனம் அவற்றுள் ஒன்று. உறைந்த பாலைச் சிறு கட்டிகளாக அறுத்து, நீரை வடித்து, வட்ட அச்சுகளில் நிரப்புகிறார்கள். இந்தக் கட்டத்தில் எடை வைத்து அழுத்துவதே இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அழுத்தாததால் கட்டிகளுக்கு இடையே சிறு சிறு பொந்துகள் எஞ்சுகின்றன. பிறகு கரடுமுரடான கடல் உப்பை மேலும் கீழும் சுற்றிலும் தேய்த்து, மெல்லிய ஊசிகளால் மேலிருந்து கீழாகப் பல துளைகள் இடுகிறார்கள். துளை வழியே உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறி, குகைக் காற்று உள்ளே புகுந்து, பொந்துகளில் உறங்கிக் கிடந்த வித்துக்களை எழுப்புகிறது. வெட்டிய முகத்தில் சில இடங்களில் நீலம் நேர்க்கோடாக இறங்குவதைக் காணலாம்; அது ஊசி சென்ற தடம்.

குகையில் ஓக் மரப் பலகைகளின் மேல், உறையின்றிக் குறைந்தது 14 நாட்கள் வைக்கப்பட்டபின், பூஞ்சணம் போதிய அளவு பரவியதும் சீஸை வெள்ளீயத் தாளில் சுற்றிவிடுகிறார்கள். காற்று அடைபட்டதும் பூஞ்சணத்தின் வேகம் தணிகிறது. குளிர்ந்த அறையில் மெல்ல முதிரும் காலம் தொடங்குகிறது. செய்த நாளிலிருந்து 90 நாட்கள் நிறைவதற்கு முன் எந்த வட்டும் இந்தப் பெயரில் விற்பனைக்குச் செல்ல முடியாது. முழு வட்டின் குறுக்களவு 20 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு, எடை இரண்டரையிலிருந்து மூன்று கிலோவுக்குள்.

மேற்சொன்னவற்றில் மூன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். உப்பு வெளியிலிருந்து உள்ளே செல்கிறது. நீலம் நடுவில் செறிந்து ஓரத்தை நோக்கிக் குறைகிறது. காற்று பட்டால் பூஞ்சணம் விழிக்கிறது, அடைத்தால் அடங்குகிறது. இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இவையே காரணம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பொட்டலத்தின் மீது சிவப்புச் செம்மறி உருவம் பொறித்த நீள்வட்ட முத்திரையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் சிவப்பு மஞ்சள் வட்ட முத்திரையும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நீலக் கோடு ஓடிய சீஸ் எல்லாம் ரோக்ஃபோர் ஆகிவிடாது. பிரான்சின் ப்ளூ தோவெர்ன், ஃபூர்ம் தாம்பேர், இத்தாலியின் கோர்கோன்சோலா, இங்கிலாந்தின் ஸ்டில்டன் ஆகியவை பசும்பாலில் செய்யப்படுபவை. தம்மளவில் சிறந்தவை என்றாலும் சுவையும் பயனும் வேறு. செம்மறிப் பாலிலேயே செய்த வேறு நீலச் சீஸ்களும் கடையில் கிடைக்கின்றன. அவற்றுள் காய்ச்சிய பாலில் செய்தவை உண்டு, கொம்பலூ குகைகளைக் காணாதவை உண்டு. குறைந்த விலைக்கு அவை நல்ல தேர்வாகவும் இருக்கலாம். ஆனால் ரோக்ஃபோர் என்று எண்ணி அவற்றை வாங்காதீர்கள்.

தயாரிப்பாளர்கள் மிகச் சிலரே. 1842இல் தொடங்கிய சொசியேத்தே இவர்களுள் மிகப் பெரியது. பாப்பியோன், கப்ரியேல் கூலே, கார்ல், வெர்னியேர் முதலியவை மற்றவை. எல்லோரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டிருந்தாலும், பயன்படுத்தும் பூஞ்சண வகையும் குகையும் முதிர்ச்சிக் காலமும் வேறுபடுவதால் சுவையும் வேறுபடுகிறது. ஒன்றில் வெண்ணெய்த் தன்மை மேலோங்கும். இன்னொன்றில் காரம் மேலோங்கும். சொசியேத்தே தன் வெவ்வேறு குகைகளில் முதிர்ந்தவற்றைத் தனித்தனிப் பெயர்களிலேயே விற்கிறது. ஒரு நிறுவனத்தின் சீஸ் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் ரோக்ஃபோரையே கைவிடுவதற்கு முன் இன்னொரு நிறுவனத்தினுடையதை எடுத்துப் பாருங்கள். இரண்டு நிறுவனங்களின் சிறு துண்டுகளை ஒரே நாளில் அடுத்தடுத்துச் சுவைத்தால், ஒரே பெயருக்குள் எவ்வளவு விரிவான வேறுபாடு அடங்கியிருக்கிறது என்பது உடனே விளங்கும்.

முன்கூட்டியே வெட்டி அடைத்த 100 கிராம், 150 கிராம் பொட்டலங்கள் எளிதில் கிடைக்கும். ஆயினும், சீஸ் விற்பவர் கண்ணெதிரே வட்டிலிருந்து வெட்டித் தரும் கடை அருகில் இருந்தால் அங்கே செல்வதையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் வெட்டு முகத்தை முழுமையாகப் பார்க்க முடிவது அங்கேதான். நல்ல வட்டின் முகம் வெளுத்து, ஈரப்பசையோடு மின்னும். நீலமும் பச்சையும் சாம்பல் நிறமும் கலந்த திட்டுகள் நடுவிலிருந்து ஓரம்வரை ஓரளவு சீராகப் பரந்திருக்கும். பொந்துகளின் உட்சுவரில் பூஞ்சணம் மென்மையான பூந்துகள்போல் படர்ந்திருக்கும். விரலால் இலேசாக அழுத்தினால் அமுங்க வேண்டும்; உதிர்ந்து கொட்டக் கூடாது. ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி வெறுமையாகவும் இருந்தால் காற்று சரியாகப் புகவில்லை. வெளுத்த பகுதி பழுப்போ இளஞ்சிவப்போ ஏறி, அம்மோனியா நெடி அடித்தால் காலம் கடந்துவிட்டது; அதை வாங்க வேண்டாம். தாளின் உட்புறம் சிறிதளவு நீர் கசிந்திருப்பது இயல்பு, அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

பருவத்தையும் சற்றே கணக்கிடலாம். ஆடுகளிலிருந்து பால் கறப்பது பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஜூலை வரைதான். வசந்த காலப் புல்லை மேய்ந்த ஆடுகளின் பாலில் செய்த வட்டுகள், முதிர்ச்சிக் காலம் முடிந்து கோடையின் இறுதியிலிருந்து இலையுதிர் காலத்துக்குள் கடைக்கு வருகின்றன. குளிர்ந்த அறைகளில் சேமித்து வைப்பதால் ஆண்டு முழுவதும் சீஸ் கிடைக்கிறது என்றாலும், சிறப்பான விருந்து ஒன்றுக்காக வாங்குவதென்றால் இந்தப் பருவத்தில் வாங்குவது நல்லது.

இன்னும் சில எச்சரிக்கைகள் இங்கேயே சொல்லப்பட வேண்டும். காய்ச்சாத பாலில் செய்த சீஸ் என்பதால் லிஸ்டீரியா போன்ற கிருமிகளின் அபாயம் சிறிதளவேனும் உண்டு. கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும், முதியவர்களும், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் இதைத் தவிர்க்க வேண்டும். ரென்னெட் இளங்கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவதால் கண்டிப்பான சைவ உணவுக்காரர்களுக்கு இது ஏற்றதன்று. நூறு கிராம் சீஸில் ஏறத்தாழ மூன்றரை கிராம் உப்பு இருப்பதால் இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்தவர்கள் அளவறிந்து உண்ண வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு ஒரு துணுக்குகூடக் கொடுக்காதீர்கள். இந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள் நாய்களுக்கு நஞ்சாகிறது.

வீட்டில் வைத்திருத்தல்

குகையில் காற்று எதற்காகப் புகுத்தப்பட்டது, பிறகு எதற்காக அடைக்கப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டால் வீட்டில் செய்ய வேண்டியது தானே விளங்கும். வெட்டிய முகம் திறந்தபடி கிடந்தால் பூஞ்சணம் மீண்டும் வளரத் தொடங்கும். ஈரம் வற்றி ஓரம் காய்ந்து மஞ்சளாகும். ஆகவே கடையில் சுற்றித் தந்த தாளிலேயோ, புதிய அலுமினியத் தாளிலேயோ, முகத்தோடு ஒட்டுமாறு இறுகச் சுற்றி வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறையை நான் விரும்புவதில்லை. கசியும் நீர் அதற்குள்ளேயே தேங்கிச் சீஸின் மேற்பரப்பைக் குழகுழப்பாக்குகிறது, பிளாஸ்டிக்கின் மணமும் கொழுப்பில் ஏறிவிடுகிறது.

தாளில் சுற்றியதை மூடியுள்ள டப்பா ஒன்றில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் அடியில் உள்ள காய்கறித் தட்டில் வைக்கவும். அங்கே குளிர் சற்றுக் குறைவு, ஈரம் சற்று அதிகம். டப்பா இரண்டு வகையில் உதவுகிறது. வெண்ணெய்க்கும் பிற சீஸ்களுக்கும் பூஞ்சண வித்து பரவாமல் அது தடுக்கும். வெங்காயம், பூண்டு போன்றவற்றின் மணம் சீஸின் கொழுப்பில் படியாமலும் காக்கும். மற்ற மென்சீஸ்களோடு ஒரே தாளில் சேர்த்துச் சுற்றினால் இரண்டொரு நாளிலேயே அவற்றின் மேல் நீலப் புள்ளிகள் தோன்றக்கூடும்.

இவ்வாறு வைத்தால் இரண்டு வாரம்வரை சுவை குன்றாது. மூன்றாவது வாரத்தில் காரம் கூடிக் கசப்பு எட்டிப்பார்க்கும். எனவே ஒரு தடவைக்கோ இரு தடவைக்கோ வேண்டிய அளவை மட்டும் வாங்குவதே சிக்கனம். ஒவ்வொரு முறையும் சுத்தமான கத்தியால் வெட்டி, புதிய தாளில் சுற்றுங்கள்.

வெளியே எடுக்கும் நேரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்: உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே சீஸை வெளியே எடுத்துவிடுங்கள். தாளைப் பிரிக்க வேண்டாம், தளர்த்தினால் போதும். இல்லையென்றால் மேற்பரப்பு காய்ந்துவிடும். கோடையில் வீடு வெப்பமாக இருந்தால் அரை மணி நேரமே போதுமானது.

எடுத்த உடனே ஒரு துணுக்கையும், ஒரு மணி நேரம் கழித்து அதே துண்டிலிருந்து இன்னொரு துணுக்கையும் சுவைத்துப் பாருங்கள். முதலாவது சுண்ணாம்புபோல் உதிரும். உப்பு முன்னால் வந்து நிற்கும், அதன் பின்னே ஒரு கூர்மையான நெடி. இரண்டாவது நாக்கின் சூட்டிலேயே கரைந்து, முதலில் பாலின் இனிப்பையும் பிறகு உப்பையும் தரும். இறுதியில் ஈரமான கற்குகையின் மணமும் வால்நட்டின் மணமும் நெடுநேரம் தங்கும். பூஞ்சணம் கொழுப்பை உடைக்கும்போது கீட்டோன்கள் எனப்படும் மணப்பொருள்கள் உண்டாகின்றன. நீலச் சீஸுக்கே உரிய நறுமணம் அவற்றுடையதுதான். குளிரில் அவை எழுவதே இல்லை.

வெட்டும் முறை

நீலம் நடுவில் செறிவு, உப்பு ஓரத்தில் செறிவு என்று மேலே கண்டோம். நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தின்பவருக்குக் காரமும், ஓரத்தை மட்டும் பெறுபவருக்கு உப்பும்தான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு துண்டிலும் நடுவும் ஓரமும் இருக்கும்படி வெட்டுவதே அடிப்படை விதி. கடையில் வாங்கும் துண்டு பெரும்பாலும் வட்டின் ஒரு கூறாக, ஒரு முனை கூர்ந்தும் எதிர்ப்பக்கம் அகன்றும் இருக்கும். கூர்முனைதான் வட்டின் நடு. அந்த முனையைக் குறுக்கே நறுக்கி எடுத்துக்கொள்வதைப் பிரெஞ்சு உணவு மேசையில் பண்பற்ற செயலாகக் கருதுகிறார்கள், ஏனென்றால் அடுத்தவருக்கு நடுப்பகுதி இல்லாமல் போகிறது. அகன்ற பக்கத்தின் ஒரு புள்ளியிலிருந்து கூர்முனையை நோக்கி விசிறியாக விரியும் கோடுகளில் வெட்டினால் எல்லோருக்கும் நீதி கிடைக்கும்.

சீஸ் மென்மையாகவும் ஒட்டும் தன்மையோடும் இருப்பதால் அகன்ற கத்தி அதை நசுக்கிவிடும். பொந்துகள் மூடி, நீலம் வெள்ளையின் மேல் சாம்பல் நிறமாக இழுபடும். கடைகளில் இதற்கென்றே இறுக்கிக் கட்டிய மெல்லிய கம்பியை வைத்திருக்கிறார்கள். வீட்டில், நீண்டு மெலிந்த கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுக்காமல், மேலிருந்து கீழாக ஒரே அழுத்தில் இறக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தியைத் துடையுங்கள். வெந்நீரில் முக்கி வெட்டிய துண்டின் முகம் பளிங்குபோல் தெளிவாக நிற்பதை உடனே காணலாம். குளிராக இருக்கும்போதே வெட்டி, வெட்டியபின் அறை வெப்பத்துக்கு வர விடுவதும் ஒரு நல்ல வழி. வெட்டுவதும் எளிது, வடிவமும் குலையாது. இந்தச் சீஸுக்குத் தடித்த தோல் கிடையாது. ஓரம்வரை முழுவதையும் உண்ணலாம்.

தட்டில் வைத்தல்

பிரான்சில் சீஸ் முதன்மை உணவுக்குப் பின்னும் இனிப்புக்கு முன்னும் வருவது வழக்கம். தட்டில் பல சீஸ்கள் இருந்தால் மென்சுவையில் தொடங்கி வலுவானதில் முடிக்க வேண்டும். ரோக்ஃபோர் கடைசியாக வர வேண்டும். முதலில் இதைச் சுவைத்துவிட்டால் அதன்பின் ப்ரீயோ கொம்தேயோ நாக்குக்குச் சப்பென்றிருக்கும். இதற்கெனத் தனிக் கத்தி ஒன்றையும் வையுங்கள். ஒருவருக்கு 30 கிராம் போதும்.

ரொட்டியைப் பொறுத்தவரை, புளிப்பேறிய மாவில் சுட்ட நாட்டு ரொட்டியோ ரை ரொட்டியோ வால்நட் சேர்த்த ரொட்டியோ பொருந்தும். உப்பு பிஸ்கட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். உப்பின் மேல் உப்பைச் சேர்ப்பதில் பயனில்லை. ரொட்டியின் மேல் முதலில் உப்பில்லாத வெண்ணெயை மெல்லியதாகத் தடவி, அதன் மேல் சீஸை வைத்து உண்ணும் பழக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பலரிடம் உண்டு. கொழுப்பு மிகுந்த சீஸுக்கு மேலும் வெண்ணெய் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அந்த வெண்ணெய் உப்பின் முனையை மழுக்கி, மணத்தை மட்டும் மேலே கொண்டுவருகிறது. முதன்முறை உண்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை நான் அறியேன்.

துணையாக வைக்க வேண்டியது இனிப்பு. நன்கு பழுத்த பேரிக்காய், புதிய அத்திப்பழம், கறுப்புத் திராட்சை, சில துளி தேன் ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று போதும். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால் சீஸ் மறைந்துவிடும். வால்நட் எப்போதும் உடன் இருக்கலாம். தேனைச் சீஸின் மேல் ஊற்றாமல் பக்கத்தில் வைத்து, தொட்டுக்கொள்ளும்படி விடுங்கள்.

ஒயின் அருந்துபவர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒயினையே நாடுகிறார்கள். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினும் ரோக்ஃபோரின் உப்பும் சந்தித்தால் வாயில் உலோகச் சுவைதான் எஞ்சும். போர்தோ வட்டாரத்தின் சோத்தேர்ன் போன்ற இனிப்பான வெள்ளை ஒயின், தெற்கே விளையும் பன்யுல்ஸ், போர்ச்சுகலின் போர்ட் ஆகியவற்றின் இனிப்பு, பேரிக்காயும் தேனும் செய்யும் அதே வேலையைச் செய்கிறது. மது அருந்தாதவர்கள் குளிர்ந்த திராட்சைச் சாற்றையோ பேரிக்காய்ச் சாற்றையோ வைத்துக்கொள்ளலாம். எந்தக் குறையும் தெரியாது.

சமையலில்

நல்ல ரோக்ஃபோரை அடுப்பில் ஏற்றுவது பற்றி இரு கருத்துகள் உண்டு. கொதிக்கும் வெப்பத்தில் நுண்ணிய மணங்கள் ஆவியாகிவிடும், கொழுப்பு பிரிந்து எண்ணெயாக மிதக்கும், கசப்பும் தலைகாட்டும் என்பது உண்மையே. எனவே வெப்பத்தைத் தணித்து, சீஸைக் கடைசியில் சேர்ப்பதே வழி. சேர்த்தபின் சுவைத்துப் பார்க்கும்வரை உப்பை எடுக்கவே கூடாது.

இறைச்சிக்கோ வேகவைத்த உருளைக்கிழங்குக்கோ ஏற்ற சாஸ் ஒன்றை இந்த முறையில் செய்யலாம். 200 மில்லி கெட்டியான கிரீமை அகன்ற பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் சூடாக்குங்கள். ஓரங்களில் சிறு குமிழிகள் எழுந்து, கரண்டியின் முதுகில் மெல்லிய ஆடையாகப் படியும் அளவுக்கு வற்றியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அரை நிமிடம் பொறுத்து, உதிர்த்து வைத்த 100 கிராம் ரோக்ஃபோரை மூன்று முறையாகச் சேர்த்து, ஒரே திசையில் மெல்லக் கிளறுங்கள். வெள்ளைப் பகுதி முதலில் கரைந்துவிடும். நீலத் துணுக்குகள் சிறிது நேரம் மிதந்து, பிறகு சாஸுக்கு இளம் சாம்பல்பச்சை நிறத்தைக் கொடுத்துவிட்டு மறையும். ஓரிரு துணுக்குகள் கரையாமல் நிற்கும்போதே கிளறுவதை நிறுத்திவிடுங்கள். உண்ணும்போது அவை தனிச் சுவையாக அகப்படும். புதிதாக இடித்த மிளகைத் தூவி உடனே பரிமாற வேண்டும். சாஸ் ஆறி இறுகிவிட்டால் ஒரு கரண்டி பாலைச் சேர்த்து இளஞ்சூட்டில் தளர்த்தலாம். மறுபடி கொதிக்க விடக் கூடாது.

அடுப்பே தேவையில்லாத உணவுகளில்தான் இந்தச் சீஸ் மேலும் சிறக்கிறது என்பது என் கருத்து. இலேசான கசப்புள்ள எண்டைவ் இலைகளைக் கழுவித் துடைத்து, மெல்லிய பேரிக்காய்த் துண்டுகளையும் வறுத்த வால்நட்டையும் சேர்த்து, வால்நட் எண்ணெயும் ஆப்பிள் வினிகரும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து மேலே ஊற்றி, கடைசியில் கையால் பிட்ட ரோக்ஃபோரைத் தூவுங்கள். கசப்பு, இனிப்பு, புளிப்பு, உப்பு நான்கும் ஒரே கவளத்தில் சேர்கின்றன. இதற்கு உப்பு வேண்டியதே இல்லை. தூவிய பிறகு கிளறாதீர்கள். கிளறினால் சீஸ் இலையெங்கும் பசையாகப் படர்ந்து தன் வடிவத்தை இழக்கும்.

எஞ்சிய ஓரங்களையும் உதிரிகளையும் சம எடை உப்பில்லாத வெண்ணெயோடு முள்கரண்டியால் மசித்து, மிளகு சேர்த்து, உருளையாகத் தாளில் சுற்றிக் குளிரில் இறுக வைக்கலாம். சூடான இறைச்சியின் மேலோ வாட்டிய ரொட்டியின் மேலோ ஒரு வில்லையை வைத்தால் தானே உருகும். நான்கைந்து நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கும் முடியாத அளவு மிஞ்சினால் 50 கிராம் துண்டுகளாகப் பிரித்து, இறுகச் சுற்றி, உறைநிலையில் வைத்து ஓரிரு மாதங்களுக்குள் பயன்படுத்தலாம். உறைந்து இளகிய சீஸின் உடல் நொறுங்கிப்போகும் என்பதால் அதைத் தட்டில் வைக்க முடியாது. சாஸுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உறைந்த நிலையிலேயே துருவிச் சூடான கிரீமில் சேர்த்துவிடலாம்.